செலஸ்தீனின் கடைசிச் சொல்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.10.

மூன்றாவது டப்பாவைத் திறந்தபோது உள்ளே ஐந்து தேங்காய் ரொட்டிகள் இருந்தன.

அன்புராசா அவற்றை உற்றுப் பார்த்தார். பிறகு மூடியைப் பார்த்தார். அதில் அவருடைய கையெழுத்திலேயே ‘சுருள் 3: செலஸ்தீனின் மரணம்’ என்று இருந்தது. மறுபடியும் உள்ளே பார்த்தார். ரொட்டிகள் ரொட்டிகளாகவே இருந்தன.

அடுத்த கணம் டொரொண்டோவின் அஜின்கோர்ட்டில் உள்ள அந்தக் கலியாண மண்டபத்தின் புரொஜெக்டர் அறையிலிருந்து எழுந்த அலறலைக் கேட்டு, வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

மூன்று மணிக்குப் படம் தொடங்க வேண்டும்.

அன்புராசாவுக்குத் தொழில் கலியாண வீடியோ. ஆசை வேறு. இளவயதில் ஒரு பிரெஞ்சு நாவலைப் படித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவர் அவர். லேஸ் பின்னும் ஏழைப்பெண் செலஸ்தீன். அவளைக் காதலித்துச் சந்தேகப்பட்டுப் பிரிந்துபோன பிரபு வீட்டுப் பையன் எத்தியேன். உண்மை தெரிந்து அவன் ஓடிவரும்போது, கொட்டும் பனியில் அவள் அவன் மடியில் உயிரை விடுகிறாள். இதைத் தமிழில் படமாக்காமல் சாவதில்லை என்று அன்புராசா தீர்மானித்திருந்தார்.

பேசும் படமாகத்தான் தொடங்கினார். எத்தியேனாக நடித்தவன் ராகுலன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வீடு விற்கும் ஏஜென்ட். பஸ் தரிப்பிட விளம்பரங்களில் சிரித்துக்கொண்டிருக்கும் முகம். செலஸ்தீன் ரோகிணி, சென்னையிலிருந்து வந்து கம்பியூட்டர் கொம்பனி ஒன்றில் வேலை செய்பவள். முதல் காட்சியில் எத்தியேன் “நீ என்னை விரும்புகிறாயா?” என்று கேட்க வேண்டும். அவள் “ஆமா” என்றாள். “ஓம் எண்டு சொல்ல வேணும்” என்றான் ராகுலன். “பாரிஸ்ல எவ சார் ஓம்னு சொல்லுவா?” என்றாள் ரோகிணி. “அங்கை ஆமா எண்டும் ஒருத்தியும் சொல்லமாட்டாள்” என்றான் ராகுலன். இரண்டு வார இறுதிகள் அந்த ஒரு சொல்லிலேயே கழிந்தன. கடைசியில் ரோகிணி எல்லார் முன்னாலும் அறிவித்தாள்.

“என் உயிரே போனாலும் இந்த வாயால ஓம்னு சொல்லமாட்டேன்.”

அன்றைக்கே அன்புராசா ‘செலஸ்தீன்’ மௌனப்படம் என்று முடிவு செய்தார்.

மௌனப்படம் என்றால் பழைய முறையில், பிலிமிலேயே எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதிலும் நெகட்டிவ் இல்லாத ரகம். கமெராவுக்குள் ஓடிய பிலிமைக் கழுவினால் அதுவே படம். வேறு பிரதி கிடையாது. மரணக் காட்சியை மாசி மாதத்துப் பனிப்புயலில் எடுத்தார்கள். இப்போது வைகாசி. வெளியே வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் டுலிப் பூத்திருந்தது.

2.15.

“பொலிசைக் கூப்பிடுவம்” என்றார் அமிர்தநாதர். மண்டபம் அவருடையது. படத்தின் தயாரிப்பாளரும் அவரே, ராகுலனுக்குத் தாய்மாமன். “என்ர மண்டபத்தில களவோ? ஆர் எடுத்தது? இப்பவே வெளியில வரவேணும்!”

“சத்தம் போடாதேங்கோ, பிறஷர் ஏறப்போகுது” என்றார் அவருடைய மனைவி கிளடிஸ். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். இன்று திரைக்குப் பக்கத்தில் கீபோர்டில் அமர்ந்து, படம் முழுவதற்கும் அவர்தான் இசை கொடுக்கப்போகிறார். “பொலிஸ் வந்தால் சனம் பயந்து போயிடும். எங்கட டொக்டர் பிள்ளை வந்து நிக்குது. அதைக் கேளுங்கோ.”

டொக்டர் பிள்ளை என்பது நிரோஷினி. வோபர்னில் பல் வைத்தியர். இன்றைய சிறப்பு விருந்தினர். சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் காணாமல் போன தாலிக்கொடியை ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தவர். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு மனிதர்கள் சொல்வதையெல்லாம் பதினைந்து வருடமாக விளங்கிக்கொண்டு வருபவர் என்பதால், அவரிடம் பொய் சொல்வது கடினம் என்று ஊரில் ஒரு பெயர்.

அவர் டப்பாவை வாங்கி ஒரு ரொட்டியை விரலால் அழுத்தினார். “மெத்தெண்டு கிடக்கு. இண்டைக்குச் சுட்டது. அண்ணை, சுருளை எப்ப கடைசியாப் பாத்தனீங்கள்?”

“காலமை பதினொரு மணிக்கு. மூண்டையும் நானே திறந்து பாத்தனான்” என்றார் அன்புராசா. “ஒரு மணிக்கு அறையைப் பூட்டிப்போட்டன்.”

“பதினொண்டுக்கும் ஒண்டுக்கும் இடையில ஆர் ஆர் உள்ளுக்க?”

“நாங்கள் அஞ்சு பேரும்தான். நான், அமிர்தநாதர் அண்ணை, கிளடிஸ் அக்கா, ராகுலன், ரோகிணி. ரோல்சும் வடையும் கொண்டுவந்த கடைப் பெடியன் வாசலோட திரும்பிப் போயிட்டான்.”

“அந்த நேரத்தில ஏதாவது புதுசா நடந்ததோ?”

அன்புராசா யோசித்தார். “ஒண்டும் இல்லை. பன்னிரண்டு மணிபோல அண்ணை எல்லாரையும் கூப்பிட்டு விருந்தாளிகளைப் பற்றிச் சொன்னவர். காது கேளாதோர் சங்கத்தில இருந்து இருபது பேர் வருகினம், முன்வரிசை அவைக்கு எண்டவர். பேசாத படம்தானே, அவை வடிவா ரசிப்பினம் எண்டு அவர்தான் கூப்பிட்டவர். பிறகு, ஒஷாவாவில இருந்து ராகுலனுக்குப் பேசியிருக்கிற பொம்பிளை கஜனியின்ர வீட்டார். அவைக்கு மூண்டாவது வரிசை.”

நிரோஷினி எல்லாரையும் மணப்பெண் அலங்கார அறைக்கு வரச் சொன்னார். சுற்றிலும் கண்ணாடிகள். யாரும் யாருடைய பார்வையிலிருந்தும் தப்ப முடியாத அறை.

2.20.

“ராகுலன், அந்தக் கடைசிக் காட்சியை வெட்டச் சொல்லிக் கேட்டனீரோ?”

ராகுலன் அன்புராசாவை முறைத்தான். “ஓம், கேட்டனான். நீங்கள்தானே டொக்டர் என்ர பல்லை வெள்ளையாக்கினனீங்கள்? நான் வாயைத் திறந்து அழேக்க பல்லு மட்டும்தான் தெரியுது. பனியை விட வெள்ளை.”

“எடுத்தனீரோ?”

“சத்தியமா இல்லை.”

“ரோகிணி?”

“நான் எதுக்கு எடுக்கணும் டாக்டர்? மைனஸ் இருபதுல ரெண்டு மணி நேரம் பனியில செத்துக் கிடந்திருக்கேன். அத எல்லாரும் பாக்கணும்.” ராகுலனை ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தாள். “இவர் வேணா எடுத்திருப்பார். இவர் பண்ண ஒரே உருப்படியான வேலையா இருக்கும்.”

“பாத்தியளே கதைக்கிறதை!” என்றான் ராகுலன்.

“ரெண்டு பேரும் பொத்துங்கோ” என்றார் அமிர்தநாதர். “ரெண்டு வருசமா உதுதான்.”

“அங்கிள், நீங்களும் முடிவை மாத்தச் சொன்னனீங்கள் எண்டு கேள்வி.”

“சொன்னனான். கலியாண மண்டபம் பிள்ளை இது. அடுத்த சனிக்கிழமை ஒரு கலியாணம் இருக்கு. இஞ்ச ஒரு பெட்டை விறைச்சுச் சாகிறதைக் காட்டலாமோ? டொக்டர் ஒருத்தர் வந்து ஊசி போட்டு எழுப்பினால் என்ன குறை எண்டு கேட்டன். இவர் ஒரு மாசம் என்னோட கதைக்கேல்லை.” அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். “கிளடிஸ், அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை எடன். ஒரு மணிக்குச் சாப்பிடுற மனுசன் நான்.”

“படம் முடியட்டும். சாப்பிட்டால் நித்திரை கொள்ளுவியள்” என்றார் கிளடிஸ்.

“கிளடிஸ் அன்ரி, உந்த ரொட்டி எங்கால வந்தது எண்டு ஏதாவது தெரியுமோ?”

“எனக்கென்ன தெரியும் பிள்ளை? ரோல்ஸ் கொண்டுவந்த கடைக்காரன்தான் கொண்டுவந்திருப்பான்.”

இதற்கிடையில் அன்புராசா, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டார். இரண்டு கடி கடித்ததும் முகம் சுருங்கியது. “உப்பும் இல்லை” என்றார் அழுகிற குரலில். “என்ர ரெண்டு வருசத்தை எடுத்துக்கொண்டு, உப்பில்லாத ரொட்டியை வைச்சிட்டுப் போயிருக்கிறான்.”

“குடும் பாப்பம்” என்று அமிர்தநாதர் ஒன்றை எடுத்தார்.

“அங்கிள், அது தடயம்!”

“பசிக்குது பிள்ளை.” முழு ரொட்டியையும் சாப்பிட்டு முடித்தார். “நல்லாத்தானே இருக்கு. உமக்கு மனம் சரியில்லை, அதுதான் நாக்கு சரியில்லை.” இரண்டாவதற்குக் கை நீட்டினார். நிரோஷினி டப்பாவை மூடினார்.

2.30.

நிரோஷினி தனியாக வாசல் மண்டபத்துக்கு வந்தார். கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. சுவரில் பெரிய விளம்பரத் தட்டி. மரணக் காட்சியிலிருந்து மூன்று படங்களை அன்புராசா அடுத்தடுத்துப் பெரிதாக்கி வைத்திருந்தார். முதலாவதில் எத்தியேனின் மடியில் கிடக்கும் செலஸ்தீனின் உதடுகள் சின்ன வட்டமாகக் குவிந்திருந்தன. இரண்டாவதில் உதடுகள் இரண்டும் ஒட்டி மூடியிருந்தன. மூன்றாவதில் கண்கள் மூடிவிட்டன. முகத்தில் ஒரு புன்னகை. அடியில், திரையில் தோன்றும் எழுத்துகள்:

எத்தியேன்: “நான் பிந்திவிட்டேனா?”

செலஸ்தீன்: “இல்லை.”

அழகான கடைசிச் சொல் என்று நினைத்தபடி திரும்பிய நிரோஷினி, அரை அடி போய்விட்டு நின்றார். மறுபடியும் தட்டியைப் பார்த்தார். பிறகு பெண்கள் கழிவறைக்குள் போய்க் கண்ணாடி முன் நின்றார்.

“இல்லை” என்றார். உதடு குவியவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

“ஆமா” என்றார். வாய் அகலத் திறந்தது.

பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த பெண் மெல்ல நகர்ந்து நின்றாள்.

நிரோஷினி மூன்றாவதாக ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“ஆரோ உங்களைக் கேட்டதுக்குப் பதிலோ?” என்றாள் அந்தப் பெண்.

“என்னை இல்லை” என்று சொல்லிவிட்டு நிரோஷினி விரைந்தார்.

2.38.

அவர் அலங்கார அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“அண்ணை, ரொட்டியில என்ன இல்லை?”

“உப்பு” என்றார் அன்புராசா.

“அங்கிள், ரொட்டி எப்பிடி இருந்தது?”

“நல்லாத்தான் இருந்தது.”

“அதுதான் விசயம். உப்பில்லாத ரொட்டியைச் சாப்பிட்டிட்டு நல்லாயிருக்கு எண்டு சொல்ல, உப்பில்லாமலே சாப்பிட்டுப் பழகின ஆளாலதான் ஏலும். உங்களுக்குப் பிறஷர். உங்கட வீட்டில உப்புப் போடுறேல்லை. உப்பில்லாத ரொட்டி சுட்டு விக்கிற கடை டொரொண்டோவில இருந்தால் அது எப்பவோ பூட்டியிருக்கும். இது கடை ரொட்டி இல்லை. இது உங்கட மத்தியானச் சாப்பாடு.”

அமிர்தநாதரின் கை வயிற்றிலேயே நின்றுவிட்டது.

“ஒரு மணிக்குச் சாப்பிடுற மனுசனுக்கு இண்டைக்கு மட்டும் ஏன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க விடேல்லை? ரொட்டி டப்பாவுக்குள்ள வந்திட்டுது. அப்ப பெட்டிக்குள்ள என்ன கிடக்கு?” நிரோஷினி திரும்பினார். குரல் மரியாதையாகவே இருந்தது. “கிளடிஸ் அன்ரி, சுருளை எடுத்தது நீங்கள்தான்.”

அறையிலிருந்த எல்லாக் கண்ணாடிகளிலும் கிளடிஸ் நிமிர்ந்து நின்றார். வெளியே போய், கீபோர்டுக்கு அடியிலிருந்து வட்டமான சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சுத்தமான துவாய்க்குள் சுருள் பத்திரமாக இருந்தது.

அன்புராசா அதைக் குழந்தையைப் போலத் தூக்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டார். “அக்கா, நீங்களோ? ஏனக்கா?”

கிளடிஸ் ராகுலனைத்தான் பார்த்தார்.

“ஏனெண்டு அன்ரி சொல்லமாட்டா” என்றார் நிரோஷினி. “நான் சொல்லுறன். படத்தில எழுத்து ‘இல்லை’ எண்டு வருது. ஆனால் சாகிற செலஸ்தீன்ர வாய் ‘இல்லை’ எண்டு சொல்லேல்லை. உதடு குவியுது, பிறகு மூடுது. அவ சொன்னது ‘ஓம்’.”

“ஐயோ” என்றாள் ரோகிணி.

“உயிர் போனாலும் சொல்லமாட்டன் எண்ட சொல்லு. உயிர் போற காட்சியில, சிரிச்சுக்கொண்டு சொல்லியிருக்கிறா. கேள்வி என்னெண்டு எனக்குத் தெரியாது. ஆனால் எத்தியேன் கேட்ட கேள்வி இல்லை.”

ராகுலன் தன் சப்பாத்தைப் பார்த்தான். சப்பாத்து உதவவில்லை.

“கலியாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன்” என்றான்.

அமிர்தநாதர் கேட்ட முதல் கேள்வி வேறு. “உதென்ன தமிழடா?”

“அவவுக்காண்டி, அவவின்ர தமிழில கேட்டனான் மாமா. சத்தம் வராதுதானே எண்டு நினைச்சன்.”

“நானும் அதான் அவர் தமிழ்ல சொன்னேன்” என்றாள் ரோகிணி. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் கோபம் இல்லை. “முதல்ல நிஜமாத்தான் சண்டை போட்டோம் அங்கிள். அப்புறம் திடீர்னு நிறுத்தினா உங்களுக்குச் சந்தேகம் வரும்னு…”

“ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கள் ரெண்டு பேரையும் சமாதானப்படுத்தக் கோப்பி வாங்கிக் குடுத்தது நான்!” என்று கத்தினார் அமிர்தநாதர். “உங்கட சண்டையாலதானே படமே ஊமையாப் போனது! எனக்குச் சொல்லுறதுக்கு என்ன?”

“நீங்கள் ஒஷாவாக்காரருக்கு வாக்குக் குடுத்திட்டு வந்துதானே எனக்குச் சொன்னனீங்கள்” என்றான் ராகுலன். “படம் முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன்.”

அப்போதுதான் கிளடிஸ் பேசினார்.

“இசையமைக்கிறதுக்கு அந்தச் சுருளை எத்தனை தரம் பாத்தன் எண்டு எனக்கே தெரியாது. ஒருநாள் விளங்கிச்சுது. சரி, அவனே வந்து சொல்லுவான் எண்டு பேசாமல் இருந்தன். இண்டைக்கு நீங்கள் என்னெண்டால், வாயசைவைப் பாத்துக் கதை விளங்கிற இருபது பேரை முன்னுக்கு இருத்தி, அவைக்குப் பின்னால கஜனியையும் தாய் தேப்பனையும் இருத்தப்போறன் எண்டியள். முன்னுக்கு இருக்கிறவை சிரிச்சால் பின்னுக்கு இருக்கிறவை ஏனெண்டு கேப்பினம். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? உவன் வாய் திறக்காததுக்கு, அது ஒரு மண்டபம் சனத்துக்கு முன்னால தலை குனியவேணுமோ?” ராகுலனின் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினார். “அவை வந்திட்டினம். போ. முதல்ல அவைக்குச் சொல்லு. அதுக்குப் பிறகுதான் இந்தச் சுருள் ஓடும்.”

“மாமி, இப்பவோ?”

“இப்ப.”

2.50.

அலங்கார அறையின் ஜன்னல் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்திருந்தது. ஐந்து பேரும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியே வெள்ளிநிறக் கார் ஒன்றின் அருகில் தந்தை, தாய், மகள். அவர்கள் முன்னால் ராகுலன். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

“என்ன சொல்லுறான்?” என்று கேட்டார் அமிர்தநாதர்.

நிரோஷினி கண்ணைச் சுருக்கினார். “இப்ப வெதரைப் பற்றிக் கதைக்கிறார்.”

“விசரன்” என்றார் கிளடிஸ்.

“ஒஷாவாவில இருந்து வாற ரோட்டைப் பற்றிக் கேக்கிறார்… வீட்டு விலையைப் பற்றி…”

“ராகுல், ப்ளீஸ்” என்று கண்ணாடியைப் பார்த்து முணுமுணுத்தாள் ரோகிணி.

“பொறுங்கோ. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள் எண்டிட்டார்.” நிரோஷினியின் குரல் தணிந்தது. “சொல்லுறார். எல்லாத்தையும் சொல்லுறார்.”

தந்தையின் முகம் இறுகியது. காருக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். அந்தச் சத்தம் மட்டும் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். கஜனி ராகுலனைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

“அவ என்ன சொல்றா?” என்று கேட்டாள் ரோகிணி.

“போன மாசமே சொல்லியிருக்கலாமே எண்டு கேக்கிறா. அது நியாயம்தான்… இவர் ஓம் எண்டுறார்… இனி என்ன, இவ்வளவு தூரம் டிரைவ் பண்ணி வந்தாச்சு, படத்தைப் பாத்திட்டுத்தான் போவன் எண்டுறா.”

கஜனி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தை நோக்கி நடந்தாள். தந்தை காரை விட்டு இறங்கவேயில்லை. அமிர்தநாதர் கோட்டைச் சரிசெய்தார்.

“நான் குடுத்த வாக்கு. நான்தான் போய் நிக்கவேணும்” என்றார். போய் நின்றார். கார்க் கண்ணாடி நெடுநேரம் கழித்துத்தான் இறங்கியது. என்ன பேசினார்கள் என்று நிரோஷினி பார்க்கவில்லை. அவர் ஜன்னலை விட்டு விலகிவிட்டார்.

‘செலஸ்தீன்’ இருபது நிமிடம் பிந்தித் தொடங்கியது.

முதல் சுருளில் எத்தியேனின் பல்லைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். இரண்டாவதில் சிரிப்பு நின்றது. மூன்றாவது சுருளில் ஸ்கார்பரோவின் பனி பாரிஸின் பனியாக விழுந்தபோது மண்டபம் முழுவதும் மூக்கு உறிஞ்சியது. அமிர்தநாதர் மனைவி முன்பே கொடுத்திருந்த கைலேஞ்சியையும் நனைத்துவிட்டார். கஜனியின் தாய் வாய்விட்டே அழுதார். கஜனி கண் இமைக்காமல் செலஸ்தீனின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தியேன் குனிந்தான். செலஸ்தீனின் உதடு குவிந்தது, மூடியது.

முன்வரிசையில் முதலில் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் கையில் தட்டினார். அவர் அடுத்தவருக்குத் தட்டினார். பிறகு இருபது பேரும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி விரல்களை விரித்து அசைத்தார்கள். அவர்களுடைய கைதட்டல் அது. திரையில் ஒரு பெண் செத்துக்கொண்டிருந்தாள். முன்வரிசை முகமெல்லாம் சிரிப்பாக அவளை வாழ்த்திக்கொண்டிருந்தது.

கீபோர்டில் சோக மெட்டை வாசித்துக்கொண்டிருந்த கிளடிஸ் அந்தக் கைகளைப் பார்த்தார். எத்தனையோ வருடம் தேவாலயத்தில் பழகிய விரல்கள், அவரைக் கேட்காமலே, மணப்பெண் வாசலில் வந்து நிற்கும்போது சபை எழுந்து நிற்க வாசிக்கும் மெட்டுக்கு மாறிவிட்டன. அழுதுகொண்டிருந்த சனம் ஏனென்று தெரியாமலே எழுந்து நின்றது.

புரொஜெக்டர் அறைக்குள்ளிருந்து அன்புராசாவின் குரல் வந்தது.

“இருங்கோ! எல்லாரும் இருங்கோ! அவள் இன்னும் சாகேல்லை!”